நாளைய வேலையும் இன்றைய பள்ளிப் பிள்ளைகளும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், 2009-ஆம் ஆண்டு இயந்திரப் பொறியியல் முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும், தலைப்பை நீயே வச்சுக்கோ" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "காலேஜ் விழாவுல பள்ளிக்கூடம் எதுக்குப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் கல்லூரியில் முதலாண்டு பெஞ்சில் வந்து உட்காருகிற பிள்ளைக்கு வயது பதினெட்டு. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் வேறு எங்கோ உட்கார்ந்திருந்து வருகிறது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கிடைக்காமல் போனதை நாம் நான்கு வருஷத்தில் ஈடுகட்டப் பார்க்கிறோம். அது எவ்வளவு சிரமம் என்பது இங்கே இருக்கிற ஆசிரியர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தச் சிரமத்தில் ஒருவனாக இருந்தவன் நான். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பார்க்கத் தெரியாத படிப்பு

நான் விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் படித்தேன். 2005-இல் பிளஸ் டூ. அப்போது பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது; 2007-இல்தான் அதை எடுத்தார்கள். இயற்பியலில் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தாறு வாங்கினேன். ஊரில் என் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுவார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வெர்னியர் காலிபர் இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் வெளியே வரும். நாற்பது பேருக்கு இரண்டு. என் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். அளவுகளைப் பழைய நோட்டைப் பார்த்து எழுதினோம். மீச்சிற்றளவு என்றால் என்ன, அதற்குச் சூத்திரம் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கல்லூரியில் முதல் செமஸ்டர், ஃபிட்டிங் ஷாப். மாஸ்டர் ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, அரத்தால் ராவி ஐம்பது மில்லிமீட்டர் சதுரம் ஆக்கு என்றார். இரண்டு மணி நேரம் ராவினேன். கை கொப்புளித்துவிட்டது. "அளவு பார்த்தியா?" என்று கேட்டு வெர்னியரை நீட்டினார். வாங்கினேன். தாடைகளை வைத்தேன். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேருகிறது என்று தெரியவில்லை. விழித்துக்கொண்டு நின்றேன்.

"பிளஸ் டூவுல பிசிக்ஸ் எவ்வளவு?"

"நூத்து எண்பத்தாறு மாஸ்டர்."

அவர் சிரிக்கவில்லை. "அப்போ படிக்கத் தெரியுது. பார்க்கத் தெரியல. அது ஒரு வாரத்துல வந்துடும், பயப்படாதே" என்றார். மாலையில் எல்லோரும் போன பிறகு அரை மணி நேரம் நிறுத்திவைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு வாரம் ஆகவில்லை, நான்கு நாளில் வந்துவிட்டது. அந்த மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டர், உங்களைப் பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். இருந்த இடத்திலிருந்தே என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான்கு நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பன்னிரண்டு வருஷத்தில் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? இந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்முகத்தில் நானும் உட்காருவேன். மேசை மேல் ஒரு புஷ், ஒரு வெர்னியர். "உள்விட்டம் சொல்லுங்க தம்பி" என்பேன். பாதிப் பேர் நான் அன்று நின்ற மாதிரியே நிற்கிறார்கள். உள்விட்டத்துக்கு மேல் தாடையைப் பயன்படுத்த வேண்டும் என்பதே தெரிவதில்லை. எண்பது, தொண்ணூறு சதவிகித மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இது என் ஒருவனின் அனுபவம் என்று நினைக்க வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் படித்ததை வாழ்க்கையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க 'பீசா' என்று ஓர் உலகளாவிய தேர்வு இருக்கிறது. 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் கலந்துகொண்டன. ஒன்று இமாச்சலப் பிரதேசம், இன்னொன்று நம் தமிழ்நாடு. முடிவு 2011 கடைசியில் வந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் நாம் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தோம். அந்தத் தேர்வு நம் சூழலுக்குப் பொருந்துமா என்று விவாதம் நடந்தது. விவாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதன் பிறகு ஓர் ஊர் வரைபடத்தையோ மருந்துச் சீட்டையோ கொடுத்து 'இதிலிருந்து என்ன புரிகிறது' என்று கேட்கும்போது நம் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள் என்று யோசித்தவர்கள் குறைவு. நூற்றுக்கு நூறு எடுப்பது எப்படி என்று யோசித்தவர்கள் அதிகம்.

பதில் சரி, கேள்வி தப்பு

"இப்பதான் எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிடுச்சே, இன்னும் என்ன அரமும் வெர்னியரும்?" என்று பின் வரிசைத் தம்பிகள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சரிதான். எங்கள் ஆலையில் கையால் ஓட்டுகிற லேத் இரண்டே இரண்டு இருக்கிறது. மற்றதெல்லாம் சி.என்.சி. வெல்டிங் செய்வது ரோபோ. 2022 நவம்பர் 30-ஆம் தேதி 'சாட்ஜிபிடி' வெளியானது. அதற்குப் பிறகு எழுதுவது, வரைவது, நிரல் போடுவது எல்லாவற்றுக்கும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. நானே தினமும் பயன்படுத்துகிறேன்.

அதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர். நல்ல பையன், சுறுசுறுப்பு. ஒரு பாகத்தில் மரை போட வேண்டும். வரைபடத்தில் 'எம்8 × 1' என்று போட்டிருக்கிறது. பையன் கைபேசியில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டான்: "எம்8 டேப்புக்கு என்ன டிரில்?" பதில் வந்தது: 6.8 மில்லிமீட்டர். டிரில் போட்டான், டேப்பை இறக்கினான், டேப் இறுகி உள்ளேயே உடைந்துவிட்டது. பாகம் குப்பைக்குப் போனது.

அந்தப் பதில் தப்பா? இல்லை. எம்8 என்று மட்டும் சொன்னால் வழக்கமான மரை, அதன் புரியிடைத் தூரம் 1.25. எட்டிலிருந்து அதைக் கழித்தால் 6.75, நடைமுறையில் 6.8 டிரில். ஆனால் எங்கள் வரைபடத்தில் இருந்தது நுண்மரை, புரியிடைத் தூரம் 1. எட்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஏழு. ஏழு மில்லிமீட்டர் டிரில் போட்டிருக்க வேண்டும். பதில் சரி, கேள்விதான் தப்பு. வரைபடத்தில் அந்த 'ஒன்று' எதற்கு இருக்கிறது என்று பையனுக்குத் தோன்றவில்லை.

நான் அவனைத் திட்டவில்லை. மாஸ்டரிடம் படித்தவன் திட்டக்கூடாது. "அந்த ஒன்னு எதுக்குப் போட்டிருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றேன். "கேட்டா இதுகூடத் தெரியாதான்னு நினைப்பீங்கன்னு பயந்தேன் சார்" என்றான். அதைக் கேட்டபோது உடைந்த டேப்பைவிட அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. கேட்டால் அவமானம் என்று இந்தப் பிள்ளைக்கு எந்த வகுப்பில் கற்றுக் கொடுத்தோம்?

எனவே நவீனத் திறன் என்று நான் சொல்வது ஏதோ ஒரு மென்பொருளின் பெயரை அல்ல. இன்றைக்கு ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளை வேலைக்கு வருவதற்குள் பத்து வருஷம் ஆகிவிடும். அப்போது எந்த மென்பொருள் இருக்கும், எது போயிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எது வந்தாலும் தேவைப்படுகிற நான்கு காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, அளப்பதும் மதிப்பிடுவதும். ஒரு பதில் வந்ததும் 'இது இருக்க வாய்ப்புண்டா' என்று மனதுக்குள் ஒரு தோராயக் கணக்குப் போடத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, படித்துப் புரிந்துகொள்வது. ஒரு பக்கக் குறிப்பைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ படித்து, அதன்படி ஒரு வேலையைச் செய்து முடிப்பது. மனப்பாடம் வேறு, இது வேறு.

மூன்றாவது, கேட்பது. மனிதரிடமும் சரி, இயந்திரத்திடமும் சரி, தெளிவாகக் கேட்பது. வந்த பதிலைச் சோதிப்பது.

நான்காவது, செய்து பார்ப்பது. கையால் ஒன்றைச் செய்து, அது தவறிப்போய், ஏன் தவறியது என்று பார்த்து, மறுபடி செய்வது.

கணினியும் நிரலும் செயற்கை நுண்ணறிவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை எல்லாம் இந்த நான்கின் மேல் ஏறி உட்கார வேண்டியவை.

ஒரு பழைய அச்சம்

இங்கே பெரியவர்கள் சிலர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது. 'பள்ளிப் பிள்ளைக்குத் தொழில் திறன்' என்றதும் நம் மாநிலத்தில் அந்தத் தயக்கம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1953-இல் அன்றைய முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றார்கள். அப்படியானால் சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளியாகவே இருப்பானே, இது குலக்கல்வி அல்லவா என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராசர் முதல்வரான பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. என் தாத்தாவுக்கு நெசவு மட்டும்தான் தெரியும். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் நான் இந்த மேடையில் நின்றிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெளிநாட்டு உதாரணத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. ஜெர்மனியில் தொழில் பயிற்சி பெறும் இளைஞர்கள் வாரத்தில் சில நாள் நிறுவனத்திலும் சில நாள் பள்ளியிலும் கற்கிறார்கள். அதற்கென்று 1969-இலேயே சட்டம் போட்டார்கள். அங்கே தொழிலாளிக்கு இருக்கிற மரியாதை நமக்குப் பாடம். ஆனால் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே, பத்து வயதில், பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். அது சரியா என்று அங்கேயே கேள்வி கேட்கிறார்கள்.

ஆகவே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பு வராத பிள்ளைக்குத் தொழில், படிப்பு வருகிற பிள்ளைக்குப் புத்தகம் என்று பிரிப்பதை நான் ஏற்கவில்லை. கலெக்டர் மகளும் அரம் பிடிக்கட்டும், கொத்தனார் மகனும் கால்குலஸ் படிக்கட்டும். எல்லாப் பிள்ளைக்கும் இரண்டும் வேண்டும். பள்ளி நேரத்தைக் குறைக்கவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற பாடத்தையே கையில் கொடுத்துப் பார்க்க வைத்தால் போதும்.

நாம் கொடுத்த பத்துக் கணினிகள்

இனி சொல்லப்போவது நம் சங்கத்தைப் பற்றியது. என்னைப் பற்றியதும்கூட.

2016 சந்திப்பில் நாம் பணம் திரட்டி ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் பத்துக் கணினிகள் வாங்கிக் கொடுத்தோம். நினைவிருக்கும். வாங்குகிற பொறுப்பு என்னுடையது. விலை பேசி, ஒப்படைத்து, படம் எடுத்து, அந்த வருஷ மலரில் போட்டோம். 2019-இல் அந்த வழியாகப் போனபோது உள்ளே நுழைந்து பார்த்தேன். அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த ஆசிரியர் மாறுதலாகிப் போயிருந்தார். ஒருவழியாகத் திறந்தால் பத்துக் கணினியும் துணி போர்த்தி வரிசையாக இருக்கின்றன. யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். "என்ன சார் பண்றது? ஒன்னு உடைஞ்சா கணக்குக் கேப்பாங்க. சொல்லிக் கொடுக்க ஆளும் இல்ல. பத்திரமா வச்சிருக்கோம்" என்றார். உண்மைதான், மிகவும் பத்திரமாக இருந்தன. என் பள்ளிக்கூடத்து வெர்னியர் மாதிரியே.

தப்பு அவருடையது அல்ல. நாம் பொருளைக் கொடுத்தோம், ஆளைக் கொடுக்கவில்லை. வாங்கியவன் நான். மூன்று வருஷம் திரும்பிப் பார்க்காதவனும் நான். இதை இந்த மேடையில் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அரசும் பல காரியங்கள் செய்திருக்கிறது. 2011-இலிருந்து மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்தது. மத்திய அரசின் அடல் ஆய்வகங்கள் 2016-இலிருந்து வந்தன. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' தொடங்கியது. எல்லாமே தேவையானவை. ஆனால் எந்தத் திட்டமானாலும் கடைசியில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று, "போட்டுப் பாரு, உடைஞ்சா பரவாயில்ல" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆள் பற்றாக்குறையைத்தான் நாம் நிரப்ப முடியும்.

குழாயடியில் நடந்த வகுப்பு

2022 ஜூனில் என் வகுப்புத் தோழர்கள் நால்வரும் நானும் அதே பள்ளிக்குப் போனோம். மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பு, காலை இரண்டு மணி நேரம் என்று அனுமதி வாங்கினோம். முதல் நாள் நாங்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். நான்காம் தொழிற்புரட்சி, ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று அறுபது படம் தயாரித்துத் திரையில் ஓட்டினோம். பிள்ளைகள் மரியாதையாகக் கைகட்டிப் பார்த்தார்கள். முடிந்ததும் "கேள்வி உண்டா?" என்றேன். ஒரே ஒரு பெண் எழுந்தாள். "அண்ணா, இதுல நாங்க என்ன செய்யணும்?"

எங்களிடம் பதில் இல்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்தோம். குழாயடியில் மூன்று குழாய்கள் சொட்டிக்கொண்டிருந்தன. தோழர் ஒருவர், "இதை வச்சே ஆரம்பிப்போமா?" என்றார்.

அடுத்த வகுப்பு குழாயடியில் நடந்தது. ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாயின் கீழே வைத்து நேரம் பார்க்கச் சொன்னோம். நிரம்ப இருபது நிமிடம். அப்படியானால் மணிக்கு மூன்று லிட்டர், நாளுக்கு எழுபத்திரண்டு. மூன்று குழாயும் ஏறக்குறைய அதே வேகத்தில் சொட்டின. நாளுக்கு 216 லிட்டர், மாதத்துக்கு 6,480 லிட்டர். பள்ளியின் மாடித் தொட்டி ஆயிரம் லிட்டர். மாதம் ஆறு தொட்டிக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது! விடையைப் பார்த்துப் பிள்ளைகள் நம்பவில்லை. மறுபடி அளந்தார்கள். யாரும் சொல்லாமலே மறுபடி அளந்தார்கள், அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்து, டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்த ஒரு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தோம். ஒரு கோளாறு என்றால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்பது. குழாய் ஏன் சொட்டுகிறது? வாஷர் தேய்ந்திருக்கிறது. ஏன் சீக்கிரம் தேய்கிறது? பலமாக முறுக்குகிறார்கள். ஏன் முறுக்குகிறார்கள்? சின்னப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு திருப்புகிறார்கள். ஏன் தொங்குகிறார்கள்? குழாய் உயரம், ஆறாம் வகுப்புக்கு எட்டவில்லை. அதற்கு மேல் ஐந்தாவது 'ஏன்' தேவைப்படவில்லை. வாஷர் மாற்றினால் மட்டும் போதாது, கீழே ஒரு படி வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதச் சொன்னோம். முதல் கடிதம், "தண்ணீர் வீணாகிறது, தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று பாடப்புத்தகம் மாதிரி வந்தது. மூன்றாவது கடிதத்தில்தான் எத்தனை லிட்டர், என்ன காரணம், என்ன செலவு என்று வந்தது. அந்தக் கணக்கை அட்டவணையாகப் போட, அந்தப் பத்துக் கணினிகளில் ஓடக்கூடிய நான்கின் துணியை எடுத்தோம். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவை ஒரு வேலை செய்தன. வாஷர் மூன்றுக்கும் ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. படிக்குச் செங்கல் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்தார்.

நான் சொன்ன நான்கு திறனும் அந்தக் குழாயடியிலேயே இருந்தன. அதற்குப் பிறகு மின் கட்டண அட்டையைப் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைப் பிரித்தார்கள், செயற்கை நுண்ணறிவிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுப் பதில்களை ஒப்பிட்டார்கள்.

எல்லாம் வெற்றி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். டைனமோவை முதலில் மாட்டிய பையன் பத்தாம் வகுப்பு நடுவில் நின்றுவிட்டான். கடை வேலைக்குப் போய்விட்டான். அவன் வரவில்லை என்பதையே நாங்கள் மூன்று வகுப்புக் கழித்துத்தான் கவனித்தோம். அதற்குள் அவன் வேறு ஊர் போயாகிவிட்டது. அது எங்கள் குறை. இப்போது வருகைப் பதிவு வைத்திருக்கிறோம். ஒரு வகுப்பு வராவிட்டாலே விசாரிக்கிறோம்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணையும் வீட்டில் நிறுத்தப் பார்த்தார்கள். அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து என்னிடம் கேட்டார்: "இவ மேல படிச்சா என்ன வேலை கிடைக்கும்? உறுதியாச் சொல்லுங்க தம்பி." என் தொண்டையில் எச்சில் வற்றிவிட்டது. எங்கள் ஆலையிலேயே அடுத்த வருஷம் எத்தனை பேருக்கு வேலை என்று எனக்குத் தெரியாது. இல்லாத உறுதியை எப்படிக் கொடுப்பது?

"உறுதியாச் சொல்ல முடியலம்மா. வேலைங்க மாறிக்கிட்டே இருக்கு. ஆனா இவளுக்குத் தெரியாததைக் கத்துக்கத் தெரியும், அதை நான் கண்ணால பார்த்திருக்கேன்" என்றேன். கூடவே, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மேற்படிப்பில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு, பட்டயப் படிப்புக்கும் உண்டு என்பதையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். 2024 ஜூனில் அந்தப் பெண் அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த வார்த்தை பொய்யாகக் கூடாது என்ற கவலை எனக்கு இன்றும் இருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இந்த ஆண்டு சங்கத்தின் நிதியில் கல்லூரி வாசலுக்கு வளைவு கட்டலாம் என்ற யோசனை இருப்பதாக அறிகிறேன். வளைவு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வயசும் இல்லை, உரிமையும் இல்லை. வெள்ளி விழா கண்ட அண்ணன்மார்களின் ஆசை அது. ஒரு வருஷம் தள்ளிவைக்க முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். அதற்குப் பதில் என் கோரிக்கை மூன்று.

ஒன்று, நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பை மாதம் ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். முதல்வர் அவர்கள் மனம் வைத்தால் நடக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, சின்ன அரங்கள், ஆளுக்கொரு வெர்னியர், போக்குவரத்துக்கு ஒரு வண்டி, காலைச் சிற்றுண்டி, இதற்குத்தான் பணம் வேண்டும். பெண் பிள்ளைகள் பாதிக்குக் குறையக்கூடாது.

இரண்டு, முன்னாள் மாணவர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இரண்டே இரண்டு சனிக்கிழமை தர வேண்டும். பணம் தருகிறேன், நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2016-இல் நாம் எல்லோரும் பணம்தான் தந்தோம்.

மூன்று, பள்ளி ஆசிரியர்களைத் தள்ளிவிட்டு எதுவும் செய்யக்கூடாது. அவர்கள் நடத்துகிற பாடத்தை ஒட்டியே நம் வகுப்பு இருக்க வேண்டும். நாம் மாதம் இரண்டு நாள் வருகிறவர்கள், அவர்கள் தினமும் அங்கே இருக்கிறவர்கள்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுக்கப் போகும்போதுதான் உங்களுக்கு அது எவ்வளவு தெரியும் என்பது தெரியும். உங்களில் யாருக்காவது இன்னும் வெர்னியர் பார்க்க வராது என்றால் கூச்சப்படாதீர்கள். விழா முடிந்ததும் வாசலில் நிற்கிறேன், என் பையில் ஒன்று இருக்கிறது. மாஸ்டரும் இருக்கிறார். நான்கு நாள்கூட ஆகாது.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து கிளம்புகிறோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செயலாளர் அண்ணனிடம் கொடுக்கலாம். "காலேஜ் விழாவுல பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று கேட்ட அவரே முதல் பெயராகத் தன் பெயரை எழுதியிருக்கிறார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.